தமிழில் உடலைக் கற்பித்த கிரீன்

பொதியமலையிலே பிறக்கும் தாமிரபருணி, பாபநாசத்தில் அருவியாய் இறங்கி, அம்பாசமுத்திரத்தைக் கடந்து, சேரன்மகாதேவியின் பக்கமாக ஓடுகிறது. அவ்வூர் ஆற்றங்கரையில் நின்று மேற்கே நோக்கினால் மலைத்தொடர் நீலநிறமாகத் தோன்றும். அம்மலையில் அகத்தியர் தங்கித் தமிழையும் மருத்துவத்தையும் ஒருங்கே வளர்த்தார் என்று இவ்வட்டாரத்தார் வழிவழியாகக் கூறி வருகின்றனர். அவர் பெயரால் வழங்கும் மருத்துவப் பாடல்கள் பலவற்றைச் சித்த மருத்துவர் இன்றும் போற்றிப் படிக்கின்றனர். மொழியையும் மருந்தையும் ஒருவரிடத்தே சேர்த்துச் சொல்லும் இம்மரபு எண்ணிப் பார்க்கத் தக்கது.

சேரன்மகாதேவியில் பயிலும் மாணவன் ஒருவன் இதயத்தின் படத்தை வரைந்து, அதன் நான்கு அறைகளுக்கும் தமிழிலேயே பெயர் எழுதுகிறான். நுரையீரல், சிறுநீரகம், தண்டுவடம் என்னும் சொற்கள் அவன் நாவில் தடையின்றி வருகின்றன. அவனுக்கு இது வியப்பன்று. ஆயினும், ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்கு முன் இருந்த அவ்வூர் மாணவன் ஒருவன் இவற்றை மேனாட்டு முறைப்படி தமிழில் கற்க விரும்பியிருந்தால் அவன் கையில் கொடுப்பதற்கு ஒரு நூலும் இருந்திராது. அந்நிலையை மாற்ற முதன்முதலில் முயன்றவர்களுள் தலைமையானவர் தமிழரல்லர். தமிழகத்தில் வாழ்ந்தவரும் அல்லர். தாமிரபருணி புன்னைக்காயல் அருகே கடலிற் கலக்கிறது. அக்கடலுக்கு அப்பால் இலங்கை இருக்கிறது. அத்தீவின் வடகோடியாகிய யாழ்ப்பாணத்தில், மானிப்பாய் என்னும் ஊரில் அவர் வாழ்ந்தார். அவர் பெயர் சாமுவேல் பிஸ்க் கிரீன்.

கிரீன் 1822-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 10-ஆம் நாள், அமெரிக்க நாட்டின் மாசாசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த வூஸ்டர் நகரில் பிறந்தார். அவர் குடும்பம் பெரியது; பிள்ளைகள் பதினொருவர். அவருடைய தமையனார் ஆண்ட்ரூ கிரீன் பிற்காலத்தில் நியூயார்க் நகரத்தின் புகழ்பெற்ற நடுப் பூங்காவை உருவாக்கியவர்களுள் ஒருவராக விளங்கினார். தம்பியோ அந்நகரில் மருத்துவம் பயின்று 1845-இல் பட்டம் பெற்றார். பெருநகரில் தொழில் நடத்திப் பொருள் ஈட்ட அவருக்கு வழி இருந்தது. ஆனால் அவர் கிறித்தவ சமயத் தொண்டில் ஈடுபாடு மிக்கவர். அமெரிக்கச் சமயச் சங்கம் ஒன்று யாழ்ப்பாணத்தில் பள்ளிகளும் மருந்தகங்களும் நடத்தி வந்தது. அச்சங்கத்தின் மருத்துவராக அவர் 1847-இல் கப்பலேறினார். சூயஸ் கால்வாய் அந்நாளில் இல்லை; அது திறக்கப்பட்டது 1869-இல்தான். ஆகவே ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் பல திங்கள் கடலிற் கழித்து, அவ்வாண்டு அக்டோபரில் அவர் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 25.

வந்தவுடன் அவர் கண்டது நோயாளிகளின் கூட்டம். யாழ்ப்பாணம் வறண்ட சுண்ணாம்புக்கல் நிலம். தாமிரபருணிபோல் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு அங்கே இல்லை. மக்கள் கிணற்று நீரையும் குளத்து நீரையும் நம்பி வாழ்ந்தனர். அந்நீர் கெடும்போது வாந்திபேதி பரவும். பரவினால் வீடு வீடாக உயிர் கொள்ளும். ஒரு மருத்துவர் இரவு பகல் ஓயாது உழைத்தாலும் எத்தனை பேரைக் காப்பாற்ற முடியும்? தாம் ஒருவராய் மருந்து கொடுப்பதைக் காட்டிலும், மருந்து கொடுக்கத் தெரிந்தவர் பலரை உண்டாக்குவதே தக்கது என்று கிரீன் தெளிந்தார். 1848-இல், மானிப்பாயில், ஒரு சில இளைஞரைக் கொண்டு மருத்துவ வகுப்பைத் தொடங்கினார்.

தொடக்கத்தில் அவ்வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தது. அக்காலத்தில் அதுவே பொதுவான வழியாகக் கருதப்பட்டது. சென்னையில் 1835-இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியிலும் ஆங்கிலமே கற்பித்தல் மொழி. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் இருந்த உயர்கல்விச் சாலையில் ஆங்கிலம் நன்கு கற்ற மாணவர் இருந்தனர். அவர்களுள் சிலர் கிரீனிடம் வந்து ஊக்கத்தோடு படித்தனர்; தேர்ந்தனர். பின்பு நடந்ததுதான் கிரீனைச் சிந்திக்க வைத்தது. ஆங்கிலத்தில் தேர்ந்த மருத்துவன் சிற்றூரில் தங்குவதில்லை. அரசாங்கச் சம்பளத்தை நாடி வெளியூர்களுக்குப் போய்விடுகிறான். அவன் யாருக்காகப் பயிற்றப்பட்டானோ அந்த ஏழை மக்கள் பழையபடியே இருக்கின்றனர். இதில் அம்மாணவரைப் பழிப்பதற்கு ஒன்றும் இல்லை. குடும்பத்தைக் காக்க நல்ல வருவாய் தேடுதல் எவர்க்கும் இயல்பு. பிழை கல்வி அமைந்த முறையில் இருந்தது. தமிழில் கற்றவன் தமிழ் மக்களிடையே தங்குவான்; நோயாளிக்கு நோயின் காரணத்தையும் அவன் மொழியிலேயே விளக்குவான். இவ்வாறு எண்ணிய கிரீன் ஒரு துணிவான முடிவுக்கு வந்தார். மேனாட்டு மருத்துவம் முழுவதையும் தமிழில் கற்பிப்பது என்பதே அம்முடிவு.

முடிவு செய்தல் எளிது. கற்பிக்க நூல் வேண்டுமே! நூல் வேண்டுமானால் சொல் வேண்டும். கிரீன் முதலில் தாமே தமிழ் கற்றார். பின்பு, கால்வின் கட்டர் என்னும் அமெரிக்க மருத்துவர் பள்ளி மாணவருக்கும் குடும்பத்தாருக்குமாக எழுதிய மனித உடல் நூலைத் தேர்ந்தெடுத்தார். ஓர் உறுப்பை எடுத்துக்கொண்டால் அது எவ்வாறு அமைந்துள்ளது, என்ன தொழில் செய்கிறது, அதைக் கெடாமற் காப்பது எப்படி என மூன்று படியாக விளக்குவது அந்நூலின் முறை. இம்மூன்றுக்கும் கிரீன் வழங்கிய பெயர்கள் அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம் என்பன. இன்று நாம் உடற்கூற்றியல், உடலியங்கியல், நலவாழ்வியல் என்கிறோம். இம்மூன்று பெயர்களையும் தலைப்பிலே தாங்கிய அத்தமிழ் நூல் 1857-இல் வெளிவந்தது. சுகரணவாதம் என்னும் சொல்லை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பவர் அது ஏன் நிலைக்கவில்லை என்பதை எளிதில் உணர்வர். கிரீன் ஆக்கிய சொற்கள் எல்லாம் நல்ல சொற்கள் என்று சொல்ல இயலாது. ஆயினும் வழியில்லாக் காட்டில் முதலில் நடந்தவர் அவர்.

அவர் எதிர்கொண்ட இடர் எத்தகையது என்பதை ஒரு சொல்லைக் கொண்டு காண்போம். நரம்பு என்னும் சொல் தமிழில் மிகப் பழையது. முன்கையில் பச்சையாய்ப் புடைத்துத் தெரிவதையும் மக்கள் நரம்பு என்பர். குதிகாலுக்கு மேலே கயிறுபோல் விறைத்து நிற்பதையும் நரம்பு என்பர். நரம்புத் தளர்ச்சி என்னும்போது வேறொன்றையும் அப்பெயராற் குறிப்பர். உடலை அறுத்துப் பார்த்தவர்க்கு இவை மூன்றும் வெவ்வேறு பொருள்கள். முதலாவது குருதி ஓடும் குழாய். இரண்டாவது தசையை எலும்போடு பிணிக்கும் நாண். மூன்றாவது செய்தி கொண்டு செல்லும் வெண்ணிற இழை.

அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியை அறியாமல் தொட்டுவிட்டோம் என்று கொள்வோம். விரல்நுனியில் உண்டான உணர்ச்சியைச் செய்தி நரம்பு முதுகுத்தண்டினுள் இருக்கும் தண்டுவடத்துக்குக் கொண்டு போகிறது. சுட்டது என்று மூளை உணர்வதற்கு முன்னரே, தண்டுவடத்திலிருந்து மற்றொரு நரம்பின் வழியாக ஆணை வருகிறது. தசை சுருங்குகிறது, தசைநாண் எலும்பை இழுக்கிறது, கை விலகிவிடுகிறது. இத்தனையும் இமைப்பொழுதில் முடிகின்றன. இதற்கிடையில் அத்தசைக்கு வேண்டிய ஊட்டத்தையும் உயிர்வளியையும் குருதிக்குழாய்கள் இடையறாது கொண்டு வந்து கொடுக்கின்றன. இம்மூன்றையும் நரம்பு என்னும் ஒரே சொல்லால் குறித்தால் பாடம் எவ்வாறு விளங்கும்? மாணவன் குழம்புவான், நாளை அவன் கத்தியெடுத்துப் புண்ணை அறுக்கும்போது அக்குழப்பம் நோயாளியின் உயிருக்கே கேடாகலாம். சொல்லைத் திட்டமாக வரையறுத்தல் மருத்துவத்தில் அலங்காரமன்று.

இதனால் தமிழ் வறிய மொழி என்று எண்ணிவிடுதல் கூடாது. கல்லீரல், மண்ணீரல், நுரையீரல் என உறுப்புக்களை இனம் சேர்த்துப் பெயரிட்ட மொழி இது. நுரையீரல் என்னும் பெயரே அவ்வுறுப்பின் இயல்பைச் சொல்லிவிடுகிறது. எண்ணற்ற நுண்ணிய காற்றறைகள் நிறைந்தமையால் அது நுரைபோல் மெத்தென்றிருக்கும். விலா, என்பு, நிணம், குடல், மூளை ஆகியவை எல்லாம் பழஞ்சொற்களே. நாட்டு மருத்துவர் நாடி பார்ப்பதிலும் மூலிகைகளின் குணம் அறிவதிலும் தேர்ந்தவர்கள். ஆனால் உடலை அறுத்து உள்ளமைப்பைப் பார்க்கும் வழக்கம் அவர்களிடையே வேரூன்றவில்லை. அதனால் உள்ளே நுணுகிச் செல்லச் செல்லப் பெயரில்லாப் பகுதிகள் மிகுந்தன. கிரீன் நாட்டு மருத்துவத்தை முழுதும் ஏற்றவரல்லர். அதன் குறைகளைக் கண்டித்தும் பேசினார். ஆயினும், சொல் தேடும்போது அவர் வகுத்துக்கொண்ட முறை நேர்மையானது. முதலில் தமிழில் வழங்கும் சொல்லைத் தேட வேண்டும். அங்கே கிடையாதபோது வடமொழியை நாட வேண்டும். அங்கும் கிடையாதபோதே ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். பிற்காலத்தில் வேதியியல் நூலுக்குக் கெமிஸ்தம் என்று பெயர் வைத்தது மூன்றாம் வழியைச் சேர்ந்தது.

இவ்வேலையை அவர் தனியே செய்யவில்லை. அவரிடம் பயின்ற தமிழ் மாணவரே மொழிபெயர்ப்பில் துணைநின்றனர். சில நூல்களை அவர்களே மொழிபெயர்க்க, கிரீன் திருத்தி அமைத்தார். சொல்லாக்கத்தின் பெருமையில் அவர்களுக்கும் பெரும்பங்கு உண்டு.

பின்பு கிரீன் உடல்நலம் கருதித் தாய்நாடு சென்றார். அங்கே மணம் புரிந்துகொண்டு 1862-இல் மனைவியோடு திரும்பினார். அதன்பின் அவர் தயங்கவில்லை. 1864-இல் முழுதும் தமிழிலேயே பயிலும் மருத்துவ வகுப்பை நடத்தத் தொடங்கினார். நூல்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. புண்ணறுத்து ஆற்றும் முறையைக் கூறும் இரணவைத்தியம் 1867-இல் வெளிவந்தது. 1872-இல் வெளிவந்த மனுஷ அங்காதிபாதம் பற்றிச் சிறிது விரித்துச் சொல்லல் வேண்டும். ஹென்றி கிரே என்னும் இலண்டன் மருத்துவர் 1858-இல் எழுதிய உடற்கூற்று நூல் உலகெங்கும் மருத்துவ மாணவர் கையில் இன்றளவும் இருந்து வருவது. அதை எழுதி மூன்றே ஆண்டுகளில், 1861-இல், கிரே பெரியம்மை நோயால் இறந்தார். அப்போது அவருக்கு வயது 34. அந்நூல்தான், வெளிவந்த பதினான்கே ஆண்டுகளில், எண்ணூறு பக்கங்களுக்கு மேற்பட்ட தமிழ் நூலாக உருவெடுத்தது. மானிப்பாயின் மாணவன் தன் தாய்மொழியில், இலண்டன் மாணவன் படித்த பாடத்தையே படித்தான்.

அந்நூல்களிலிருந்து தமிழ் இளைஞர் கற்றவற்றுள் ஒன்று குருதியோட்டம். இதயம் ஓய்வின்றிச் சுருங்கி விரியும் தசைப்பை. நிமிடத்திற்கு ஏறத்தாழ 70 முறை அது துடிக்கிறது. வளர்ந்த ஒருவர் உடலிற் குருதி ஏறக்குறைய 5 லிட்டர் உண்டு. நாம் அமைதியாய் இருக்கும்போது, அவ்வளவு குருதியையும் இதயம் சுமார் ஒரு நிமிடத்தில் சுற்றி வரச் செய்கிறது. குருதி இவ்வாறு வட்டமாய்ச் சுற்றுகிறது என்பதை 1628-இல் ஆங்கில மருத்துவர் ஹார்வி கணக்கிட்டுக் காட்டினார். ஆயினும், இதயத்திலிருந்து செல்லும் குழாய்க்கும் இதயத்துக்குத் திரும்பும் குழாய்க்கும் இடையே உள்ள இணைப்பை அவர் காணவில்லை. 1661-இல் இத்தாலிய அறிஞர் மால்பீஜி தவளையின் நுரையீரலை நுண்ணோக்காடியில் பார்த்து, மயிரினும் நுண்ணிய குழாய்களைக் கண்டறிந்தார். சேரன்மகாதேவி வயல்களை அறிந்தவர்க்கு இது புதிதன்று. கன்னடியன் கால்வாய் ஆற்றிலிருந்து பிரிந்து வாய்க்கால்களாகிப் பயிரின் வேர்வரை நீரைக் கொண்டு செல்வதை அவர்கள் நாள்தோறும் காண்கின்றனர். ஒரு வேற்றுமை மட்டும் உண்டு: வயலிற் பாய்ந்த நீர் முழுதும் ஆற்றுக்குத் திரும்புவதில்லை, குருதியோ இதயத்துக்குத் திரும்பியே தீரும்.

நலவாழ்வைப் பற்றிய பாடம் இவற்றிலும் இன்றியமையாதது. வாந்திபேதி நீரால் பரவுகிறது என்பதை 1854-இல் இலண்டனில் ஜான் ஸ்னோ எடுத்துக் காட்டினார். பலர் உடனே நம்பவில்லை. அந்நோயின் நுண்ணுயிரை ராபர்ட் காக் இனங்கண்டு உலகுக்கு அறிவித்தது 1884-இல். மனித உடலின் எடையிற் பாதிக்கு மேல் நீர். வாந்திபேதி கண்டவர் சில மணி நேரத்தில் அந்நீரையும் அதனோடு உப்பையும் இழந்து இறக்கின்றனர். இழந்ததை உப்பும் சர்க்கரையும் கலந்த தூய நீரால் ஈடு செய்யலாம். சர்க்கரை சேரும்போது குடல் உப்பை விரைந்து உறிஞ்சுகிறது. கிரீன் காலத்து மருத்துவர் எவர்க்கும் இவ்வுண்மை தெரியாது. அறியாதவற்றோடும் போராடிக்கொண்டே அவர்கள் நோயாளியின் அருகில் நின்றனர்.

கிரீனின் மற்றொரு இயல்பையும் குறிப்பிடுதல் தகும். தம் மாணவர் ஐரோப்பியரைப்போல் உடுத்தி, ஐரோப்பியரைப்போல் வாழ்வதை அவர் விரும்பவில்லை. தமிழராய்ப் பிறந்தவர் உடையிலும் உணவிலும் தமிழராகவே இருத்தல் வேண்டும் என்று வற்புறுத்தினார். வெள்ளையர் ஆட்சி ஓங்கியிருந்த நாளில், வெள்ளையர் ஒருவரே இவ்வாறு சொன்னார் என்பதை நாம் மறத்தலாகாது.

உடல் தளர்ந்தமையால் 1873-இல் அவர் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டார். அதற்குள் அறுபதுக்கும் மேற்பட்ட தமிழ் மருத்துவர் அவரிடம் பயின்று வெளிவந்திருந்தனர். வூஸ்டரில் தம் குடும்ப வீட்டில் இருந்துகொண்டும் அவர் தமிழை விடவில்லை. அவ்வூரில் அவரோடு தமிழ் பேச வேற்றார் எவரிருந்தனர்? ஆயினும் தாளும் மையும் இருந்தன. கெமிஸ்தம் 1875-இல் வெளிவந்தது. மனுஷ சுகரணம் என்னும் உடலியங்கியல் நூல் 1883-இல் வெளிவந்தது. அதன் மூலநூலை எழுதிய டால்டன், கிரீன் பட்டம் பெற்ற கல்லூரியின் பேராசிரியர். இவ்வாறு கிரீனும் அவர் மாணவரும் ஆக்கிய தமிழ் மருத்துவப் பக்கங்கள் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவை. மனுஷ சுகரணம் வெளிவந்த மறு ஆண்டு, 1884-ஆம் ஆண்டு மே 28-ஆம் நாள், கிரீன் உயிர் நீத்தார்.

அவர் விதைத்த விதை உடனே மரமாகவில்லை. 1870-இல் கொழும்பில் ஆங்கிலத்தில் நடக்கும் மருத்துவப் பள்ளி தோன்றியிருந்தது. அரசாங்கத்தின் ஆதரவு அதற்கே கிடைத்தது. கிரீன் சென்றபின் மானிப்பாயில் தமிழ் வழியில் மருத்துவம் கற்பித்தல் மெல்லத் தேய்ந்தது. நூல்கள் அடுக்குகளில் தங்கிவிட்டன. தமிழில் உயிரியல் படிக்க வேண்டும் என்னும் வேட்கை மறுபடி ஓங்கியபோது, அதற்குத் தொண்டாற்றியவர்களுள் பொருநைக்கரையினரும் இருந்தனர். திருநெல்வேலியைச் சேர்ந்த இ. மு. சுப்பிரமணிய பிள்ளை முதலியோர் முயற்சியால் 1936-இல் சென்னையில் சொல்லாக்க மாநாடு ஒன்று கூடியது. அதற்குத் தலைமை தாங்கிய சுவாமி விபுலானந்தர் ஈழத்தவர். அம்முயற்சியில் விளைந்த கலைச்சொற்கள் 1938-இல் நூலாக வெளிவந்தன. அங்காதிபாதம் போயிற்று, உடற்கூற்றியல் வந்தது. நுரையீரலும் கல்லீரலும் கிரீனுக்கு முன்பு இருந்தபடியே இன்றும் இருக்கின்றன.

மானிப்பாய் மருத்துவமனை கிரீன் பெயரைத் தாங்கி நிற்கிறது. வூஸ்டரில் அவர் பிறந்து இறந்த குடும்ப நிலம் 1905-இல் அந்நகரத்துக்கு அளிக்கப்பட்டு, மக்கள் உலாவும் பூங்காவாயிற்று. தம் கல்லறையின்மேல் தாம் தமிழருக்கு மருத்துவத் தொண்டு செய்தவர் என்பதைக் குறிக்க வேண்டும் என்று அவர் விரும்பியிருந்தார். அவ்வாறே குறித்திருக்கின்றனர். தமிழர் என்பவர் யாவர் என்று அறியாத அவ்வூரார் பலர் அக்கல்லைப் பார்த்துத்தான் அப்பெயரை முதன்முதலாகப் படித்திருப்பர்.